மலைக்கு வரும் மீன்: கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியவை



நாகலூரில் கடல் இல்லை. ஆனாலும் கடல் மீன் வருகிறது. நாகப்பட்டினம், இராமேஸ்வரம், தூத்துக்குடி, கேரளக் கரை என்று எங்கெங்கோ பிடிபட்ட மீன் ஐஸில் கிடந்து, லாரியில் ஏறி, சேலம் வந்து சேருகிறது. அங்கே ஏலம் எடுத்தவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, பெட்டியில் அடைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்கு வருகிறார். அங்கிருந்து நம் பக்கத்துக் கிராமங்களுக்கு. வாசலில் "மீனு, மீனு" என்று குரல் கேட்கும்போது அந்த மீன் கடலை விட்டு இரண்டு நாளும் ஆகியிருக்கலாம், நான்கு நாளும் ஆகியிருக்கலாம்.

இதைச் சொல்வது மீன் சாப்பிட வேண்டாம் என்பதற்காக அல்ல. மீன் நல்ல உணவு. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், வளரும் பிள்ளைக்கும் வேண்டிய புரதம் அதில் உண்டு. முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்திலி போன்ற சிறு மீனில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. மீன் கொண்டு வருகிற வியாபாரியும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவர்தான். ஆனால் கெட்ட மீன் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், அது கெட்டது என்ற செய்தி நமக்கு எப்படி வந்து சேரும்? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பிரசுரம்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரும்பாலான வீடுகளில் சொல்வது இதுதான்: "நல்லாக் கொதிக்க விட்டா எந்தக் கிருமியும் செத்துப் போகும்." இது பாதி உண்மை. கிருமி சாகும். நம் மலையின் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கும் கிருமிகள் தாங்க மாட்டா. இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விட்டால் போதும்.

ஆனால் கிருமி வேறு, கிருமி விட்டுச்சென்ற விஷம் வேறு. திருடன் ஓடிப்போனாலும் அவன் வைத்த நெருப்பு எரிந்துகொண்டுதானே இருக்கும்? மீனில் வரும் சில விஷங்கள் கொதித்தாலும் போகா, பொரித்தாலும் போகா, ஐஸில் வைத்தாலும் போகா, உப்புப் போட்டுக் கருவாடாக்கினாலும் போகா. அடுப்பு காப்பாற்றாத இடத்தில் முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஒன்றுதான் காப்பாற்றும். இதற்கு மூன்று உதாரணங்கள்.

முதலாவது, நம் மலையில் அடிக்கடி நேரக்கூடியது. அயிலை, மத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் இயற்கையாகவே ஒரு பொருள் அதிகம். மீன் செத்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், கிருமிகள் அந்தப் பொருளை ஹிஸ்டமின் என்ற வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் உண்டானது உண்டானதுதான். மீன் நாறும் என்றும் இல்லை. பார்க்க நன்றாகவே இருக்கும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகமும் கழுத்தும் சிவக்கும், வாயில் மிளகு கடித்தது போல் சுரீர் என்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், நெஞ்சு படபடக்கும். சிலருக்கு வாந்தி பேதியும் ஆகும். இந்த இடத்தில்தான் வீட்டில் ஒரு தவறான முடிவு எடுக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"நர்சம்மா, எங்க வூட்டுக்காரருக்கு மீனு ஒத்துக்கலைங்க. அயிலக் கொழம்பு சாப்பிட்டதும் மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. இனிமே அவருக்கு மீனே கெடையாதுன்னு எங்க அத்தை சொல்லிட்டாங்க."

"இதுக்கு முன்னாடி அயிலை சாப்பிட்டிருக்காராம்மா?"

"சின்ன வயசுலேர்ந்து சாப்பிடறவருதாங்க."

"அப்ப ஒண்ணும் ஆகலை. இப்ப மட்டும் ஆயிருக்கு. வீட்டுல வேற யாருக்காவது?"

"பெரிய பையனுக்கும் லேசா அரிச்சுதுங்க. அவன் வெய்யில்ல வெளையாடுனதாலன்னு நெனச்சோம்."

"ஏண்ணா, மீனு எங்க வாங்குனீங்க?"

"ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தாருங்க ஒருத்தரு. சாயங்காலம். மிச்சம் இருக்குது, கொறச்சித் தரேன்னாரு. வாங்கிட்டு வந்துட்டேன்."

"ஏனுங்க, அதை என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க! காலையில வர்றவர்கிட்ட வாங்கினீங்கன்னுல்ல நெனச்சேன்!"

நர்சம்மாள் கேட்ட மூன்று கேள்விகளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. குற்றவாளி கணவரின் உடம்பு அல்ல, அந்த மீன். முன்பு ஒத்துக்கொண்டது இப்போது ஒத்துக்கொள்ளாமல் போய், ஒரே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஒன்றாக வந்தால், முதலில் மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த அம்மாள் வராமல் வீட்டிலேயே "ஒத்துக்கல" என்று முடிவு கட்டியிருந்தால், அதே பெட்டியில் இருந்த மீனை வாங்கிய மற்ற வீட்டார் யாருக்கும் சேதி போயிராது.

வாங்கியவர் ஒருவர், சமைத்தவர் ஒருவர் என்று இருப்பதையும் கவனியுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு வாங்கியது என்று அவருக்குத் தெரியும். கழுவும்போது சதை எப்படி இருந்தது, யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று இவருக்குத் தெரியும். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் முழுச் சேதி.

இரண்டாவது உதாரணம் கடலோரத்தைச் சேர்ந்தது. வேளாங்கண்ணிக்கோ வேறு கடற்கரை ஊருக்கோ நம் மலையிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. அதனால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வாயலூர் என்ற ஊரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்; மூவர் இறந்தார்கள். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பாறையில் ஒட்டி வளரும் சிப்பியைச் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அந்த மட்டியும் சிப்பியும் அழுகியவை அல்ல. அன்றைக்கு எடுத்தவை. கடல் நீரில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை விஷப் பாசி பெருகுகிறது. மட்டியும் சிப்பியும் நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்பவை. ஆகையால் அந்த விஷம் அவற்றின் சதையில் சேர்ந்துவிடுகிறது. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்ற மனிதனுக்கு உதடும் நாக்கும் மரத்து, கை கால் மரத்து, கடைசியில் மூச்சுத் தசைகள் வேலை செய்யாமல் போகின்றன. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் மூச்சுக்கு உதவி செய்து காப்பாற்றுவதுதான் வழி. கொதிக்க வைப்பதால் பயன் இல்லை. கடலோர மக்கள் "இந்த வாரம் மட்டி எடுக்கல" என்றால், ஏன் என்று கேளுங்கள். அந்த ஊரில் எடுக்கக் கூடாது என்று அறிவித்திருந்தால், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

மூன்றாவது, மனிதன் சேர்ப்பது. பார்மலின் என்பது பிணம் கெடாமல் இருக்கவும், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாம்பு, தவளை இவற்றைப் பாட்டிலில் போட்டு வைக்கவும் பயன்படுகிற மருந்து. அதை மீனில் சேர்ப்பது சட்டவிரோதம். 2018 ஜூன் மாதம் கேரள அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை "ஆபரேஷன் சாகர் ராணி" என்ற பெயரில் சோதனை நடத்தியது. நம் கோயம்புத்தூரை அடுத்த வாளையாறு, செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவு ஆகிய சோதனைச் சாவடிகளில், வெளி மாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கிலோ மீனும் இறாலும் பிடிபட்டன. அடுத்த மாதமே கோவா அரசு வெளி மாநில மீன் வரவைச் சில காலம் நிறுத்தியது. சென்னை மார்க்கெட்டுகளிலும் அந்தச் சமயத்தில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், மீனின் மேல் தேய்த்துப் பார்க்கும் சிறு தாள் கீற்று ஒன்றைத் தயாரித்தது. அதில் மருந்துத் துளி விட்டால், நிறம் மாறுவதை வைத்துப் பார்மலின் உண்டா என்று அறியலாம்.

"ஈ மொய்க்காத மீன் பார்மலின் மீன்" என்று அதற்குப் பிறகு ஊரெல்லாம் ஒரு பேச்சு. சந்தேகப்பட அது ஒரு காரணம்தான். ஆனால் ஈ மொய்ப்பது நல்ல மீனுக்கு நற்சான்றும் அல்ல! அழுகிய மீனில்தான் ஈ அதிகம் மொய்க்கும். அதைவிட நல்ல அடையாளம், மீனின் உடம்பில் ஒன்றுக்கொன்று பொருந்தாமை. கண் குழி விழுந்து மங்கிப் போயிருக்கிறது, செவுள் வெளுத்திருக்கிறது, ஆனால் உடல் மட்டும் கட்டை போல் விறைத்து, மீன் வாடையே இல்லாமல் இருக்கிறது என்றால் வாங்க வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில மீன்களில், செத்த பிறகு இந்தப் பொருள் சிறிதளவு தானாகவே உண்டாகிறது. ஆகவே ஒருவரை "பார்மலின் போட்டார்" என்று ஊர் நடுவே நிறுத்துவதற்கு முன் ஆய்வுக்கூட முடிவு வர வேண்டும்.

திரும்பப் பெறுதல் என்றால் என்ன?

ஓர் உணவுப் பொருளில் தீங்கு இருப்பது தெரிந்தால், அதைச் செய்தவரோ இறக்குமதி செய்தவரோ கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் திரும்பப் பெறுதல் என்று பெயர். நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு 2017-இல் தனி விதிமுறைகளும் வந்துவிட்டன.

இது எவ்வளவு பெரிய காரியமாக முடியலாம் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி. 1982-இல் பெல்ஜியம் நாட்டில் ஒருவர், அமெரிக்காவின் அலாஸ்காவிலிருந்து வந்த தகர டப்பா சால்மன் மீனைச் சாப்பிட்டு இறந்தார். டப்பாவை ஆராய்ந்தார்கள். டப்பாவுக்கு வடிவம் கொடுக்கும் இயந்திரம் செய்த ஒரு சிறு பொத்தல்! அதன் வழியே கிருமி புகுந்து உள்ளே விஷத்தை உண்டாக்கியிருந்தது. அதன் பிறகு கோடிக்கணக்கான டப்பாக்கள் பல நாடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டன. ஒரு மனிதரின் மரணத்துக்காக அத்தனை டப்பாவையும் தேடிப் பிடிக்க எப்படி முடிந்தது? ஒவ்வொரு டப்பாவிலும் எந்தத் தொழிற்சாலை, எந்த நாள் என்று எண் போட்டிருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

சேலத்துக் கடையில் டப்பா மீனோ, உறைய வைத்த இறால் பாக்கெட்டோ, மீன் ஊறுகாயோ, பாக்கெட் கருவாடோ வாங்கினால் அதில் மூன்று விஷயம் பாருங்கள். 14 இலக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். பேட்ச் எண் அல்லது லாட் எண் இருக்க வேண்டும். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். சாப்பிட்டு முடிக்கிறவரை அந்த உறையையோ டப்பாவையோ தூக்கி எறியாதீர்கள். டப்பாவில் போட்டுக் கொட்டி வைத்து உறையை அடுப்பில் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. நாளைக்கு "இன்ன பேட்ச் எண் உள்ளதைச் சாப்பிட வேண்டாம்" என்று அறிவிப்பு வந்தால், உங்களிடம் இருப்பது அதுவா என்று எப்படித் தெரியும்? உப்பிய டப்பா, நசுங்கிய டப்பா, ஓரம் துருப்பிடித்த டப்பா எதையும் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாக்கெட்டுக்கு இதெல்லாம் சரி. ஆனால் நாம் வாங்குவதில் பெரும்பகுதி பெட்டியிலிருந்து எடுத்துத் தராசில் போடும் மீன். அதில் எண் ஏது? லேபிள் ஏது? அதைத் திரும்பப் பெற யாரும் நாகலூர் வரை ஏறி வரப்போவதில்லை, வரவும் முடியாது. காலையில் வாங்கிய மீன் மாலைக்குள் வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஆகவே உதிரி மீனுக்கு எண்ணும் லேபிளும் நீங்கள் இருவரும்தான்.

வாங்கும்போதே கேட்டு வையுங்கள். "எந்தக் கரை மீனு? எப்ப வந்துச்சு?" கேட்டால் வியாபாரி கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நல்ல வியாபாரி சந்தோஷமாகச் சொல்வார். அவருக்கே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். கூடியவரை ஒரே ஆளிடம் வாங்குங்கள்; ஏதாவது நேர்ந்தால் அவரைத் தேடிப் பிடிக்கலாம், அவரும் மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம். மீன் விற்பவர் யாராயினும், தலைச்சுமை வியாபாரி ஆனாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். "பதிவு பண்ணியிருக்கீங்களா அண்ணா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

நாட்காட்டியும் பாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக விதித்த தடை இது. நாட்டுப் படகுக்காரர்கள் கரையோரம் பிடிப்பது மட்டும் வரும். அந்த இரண்டு மாதமும் கோடைக்காலம். ஏற்காட்டில் கூட்டம் அதிகம். மீனுக்குக் கிராக்கியும் அதிகம். அப்போது வருகிற கடல் மீன் தூரத்துக் கரையிலிருந்து வந்ததாகவோ, பல நாள் குளிர்பதனக் கிடங்கில் இருந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நாட்களில் நம் சேலம் மாவட்டத்திலேயே மேட்டூர் அணையில் கிடைக்கும் கட்லா, ரோகு, கெண்டை, ஜிலேபி இருக்கும்போது கடல் மீனுக்கு ஏன் அலைய வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ருசி வேறுதான், ஒப்புக்கொள்கிறோம்.

மீனைப் பார்த்து வாங்குவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் துருத்திப் பளபளக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருப்பதோடு நிற்காமல் விரலால் தேய்த்தும் பாருங்கள், சாயம் ஒட்டக் கூடாது. சதையை அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். வயிறு கிழிந்த மத்தி வேண்டாம். பெட்டியில் ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. மேலே ஒரு கை ஐஸைத் தூவி, அடியில் வெறும் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த மீன் ஐஸில் வந்தது ஆகாது. மாலையில் "கொறச்சித் தரேன்" என்ற மீனில் மிச்சமாகும் காசு, சேலத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறினால் தீர்ந்துபோகும்.

கருவாடு

நம் மலையில் மீனைவிடக் கருவாடுதான் அதிகம் என்பது தெரியும். கருவாடு கெடாது என்ற நம்பிக்கையும் அதிகம். உப்பும் உலர்ச்சியும் சரியாக இருக்கிறவரைதான் அது கெடாது. சமவெளியில் மொடமொடவென்று இருந்த கருவாடு, பனி மூட்டம் இறங்குகிற மாதங்களில் இங்கே நான்கே நாளில் நமுத்துப் போகும். நமுத்த கருவாட்டில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், துடைத்துவிட்டுச் சமைக்கிற வேலை வேண்டாம். உப்புக் கருவாட்டில் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகப் பிசுபிசுப்பு வந்திருந்தால், அது உப்பிலேயே வளரும் ஒருவகைக் கிருமி. கருவாடு கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அழுகின மீனைக் கருவாடாக்கியிருந்தால், முன்னே சொன்ன ஹிஸ்டமின் அதிலும் அப்படியே இருக்கும். சில இடங்களில் ஈயும் வண்டும் வராதிருக்கப் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள் என்ற புகாரும் உண்டு. கருவாட்டில் மருந்து வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

கொஞ்சமாக வாங்குங்கள். வெயில் கண்ட நாளில் ஒரு தடவை காய வைத்து, மூடி இறுகிய டப்பாவில் போட்டு, தரையில் வைக்காமல் அடுப்படிப் பரணில் வையுங்கள். சமைக்கும் முன் வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் கை கால் வீக்கமும் அழுத்தமும் இருப்பவர்களுக்கும் கருவாட்டின் உப்பு ஆகாது.

சமையலறையில்

மீன் வந்தவுடன் கழுவிச் சமைத்துவிடுவது நல்லது. மீன் அரிந்த கத்தியும் பலகையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம், தக்காளி அரியக் கூடாது. மீன் கழுவிய கையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது.

"மறுநாள் மீன் கொழம்புக்குத்தான் ருசி" என்பார்கள். உண்மைதான். புளிப்பும் ஓரளவு காக்கிறது. ஆனால் இரவில் திறந்து கிடந்த சட்டியை மறுநாள் லேசாகச் சுட வைத்துச் சாப்பிடுவது ருசியும் அல்ல, காப்பும் அல்ல. இரவே ஒரு கொதி விட்டு மூடி வையுங்கள், மறுநாள் சாப்பிடப்போகிற அளவை மட்டும் தனியே எடுத்து மறுபடி தளதளவென்று கொதிக்க விடுங்கள், அதோடு முடித்துவிடுங்கள். காப்பித் தோட்ட வேலைக்குக் காலை ஆறு மணிக்குக் கட்டுகிற சோற்றில் மீன் வேண்டாம். டப்பாவில் இளஞ்சூட்டோடு மதியம் வரை கிடப்பது கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. மீன் குழம்பை வீட்டில் மாலையில் சேர்ந்து சாப்பிடலாமே!

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பெரிய சுறா போன்ற மீன்களைத் தவிர்க்க வேண்டும். பெரிய மீன் சிறிய மீன்களைத் தின்று தின்று வளர்வதால் பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துவிடுகிறது. அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல். சின்ன மீன் எதுவானாலும் நல்லது. வேகாத, பாதி வெந்த மீனும் இறாலும் கர்ப்பிணிக்கு வேண்டவே வேண்டாம்.

நோய் வந்துவிட்டால்

வாந்தி, பேதி ஆரம்பித்த உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். சுகாதார நிலையத்தில் தரும் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கரைக்கிற வேலை கூடாது. பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் நீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

முகம் சிவந்து அரித்தாலும் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். மூச்சு இளைத்தால், உதடும் நாக்கும் மரத்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், மலத்தில் ரத்தம் போனால், பிள்ளை கண் சொருகிச் சோர்ந்தால், கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு பேதியானால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்க நேரம் ஆகும் என்பதை நினைவில் வைத்து, இருட்டும்வரை "பாக்கலாம், பாக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்தபடி செய்ய வேண்டியதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள குழம்பையும், சமைக்காத மீன் துண்டு இருந்தால் அதையும் கொட்டாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். ஒரு டப்பாவில் மூடி, "சாப்பிட வேண்டாம்" என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். என்ன மீன், யாரிடம், எத்தனை மணிக்கு வாங்கியது, யார் யார் சாப்பிட்டது, யாருக்கு எத்தனை மணிக்கு என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையைக் கொண்டும் எழுதலாம். அந்தத் தாளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அன்றைக்கே கொடுங்கள். இரண்டு வீட்டுத் தாளில் ஒரே மீன், ஒரே ஆள் என்று வந்தால் சுகாதார நிலைய மருத்துவர் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்வார். அவர் மாதிரி எடுப்பார். பெட்டியில் மிச்சமிருப்பது விற்பனையாகாமல் நிற்கும். நம் ஊரில் உதிரி மீன் திரும்பப் பெறப்படுவது இப்படித்தான்.

நம் பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பல குடும்பங்கள், ஒரே கடை. இப்படிப்பட்ட நேரங்களில் முதலில் நோயுற்ற வீட்டார் எத்தனை சீக்கிரம் சொல்கிறார்களோ, அத்தனை பேர் தப்புவார்கள்.

அறிவிப்பு எங்கே வரும்? தினசரிப் பத்திரிகையில், வானொலியில், தொலைக்காட்சியில், மாவட்ட ஆட்சியரின் செய்திக் குறிப்பில் வரும். கைப்பேசியில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணைய தளத்திலும் பார்க்கலாம். வாட்ஸப்பில் வருவதை எல்லாம் நம்பிவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்தப் பொருள், என்ன பேட்ச் எண், எந்த அலுவலகம் சொன்னது என்ற நான்கும் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். பழைய படத்தைப் போட்டு "சேலத்தில் விஷ மீன்" என்று பரப்பினால் பாவம், பத்து வியாபாரிகளின் பிழைப்பு போகும். சந்தேகமானால் 104-ல் கேளுங்கள். மீன் பற்றியோ வேறு உணவு பற்றியோ புகார் என்றால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸப் எண் 94440 42322. புகார் சொன்னவர் பெயர் வெளியே போகாது.

"எங்க புகாரையெல்லாம் யாரு கேப்பாங்க?" என்று நினைக்க வேண்டாம். வாங்கியவரே பணம் கட்டி ஓர் உணவை ஆய்வுக்கு அனுப்பலாம் என்று சட்டத்தின் 40-வது பிரிவு சொல்கிறது; குறை இருப்பது நிரூபணமானால் கட்டிய பணம் திரும்ப வரும். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புக்கு ஒரு லட்சம் வரை இழப்பீடு என்று 65-வது பிரிவு சொல்கிறது. இவை கிடைக்க வேண்டுமானால் மேலே சொன்ன தாளும், மூடி வைத்த டப்பாவும், மருத்துவமனைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். மீன் விற்பவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா, பார்மலின் சோதனைக்கு அலுவலர்கள் நம் பக்கம் வருகிறார்களா என்பதைக் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். கேட்கிறவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.